லேப் டைம் அச்சடித்த சான்றிதழ்: ட்ராக்கில் விழுந்த ஒரு பைக்கின் கிளைம் கதை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட உட்காரும் நேரத்தில் போன் வந்தது. சித்தப்பா மகன்.

"அண்ணே, வண்டியப் போட்டுட்டேன்."

"எங்கலே?"

"ட்ராக்குல."

பாளையங்கோட்டையில் பதினேழு வருஷமாக நான் பொது இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவன் வண்டிக்குப் பாலிசி போட்டுக் கொடுத்ததும் நான்தான். அவன் அடுத்து என்ன கேட்பான் என்று தெரிந்ததால், முதலில் உடம்பைக் கேட்டேன். வலது காறை எலும்பு உடைந்திருந்தது. ஆம்புலன்ஸில் இருந்துதான் பேசுகிறான். அப்புறம் அவனே கேட்டான்: "இன்சூரன்ஸ் வரும்லா?"

மூன்றெழுத்தில் முடிந்திருக்க வேண்டிய பதிலைச் சொல்லி முடிக்க நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதத்தில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம். கம்பெனி பெயரும் வேண்டாம். தமிழ்நாட்டில் பைக் ஓட்டிப் பழகும் ட்ராக் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இரண்டு: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயரில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. விழுந்தது எங்கே என்பதையும் சொல்லாமல் விடுகிறேன். தப்பு ட்ராக்கின் மேல் இல்லை.

வண்டி அப்பாச்சி ஆர்ஆர் 310, வாங்கி ஒரு வருஷம் எட்டு மாதம். (டிவிஎஸ்ஸைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்கார் நம் திருக்குறுங்குடிக்காரர் என்று இவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பான், ஏதோ மாமன் வீட்டு வண்டி மாதிரி.) அந்த வண்டியிலேயே நாலுவழிச் சாலையில் கிளம்பிப் போனான். ட்ராக் டே என்றால் ரேஸ் இல்லை. காசு கட்டிப் பேர் கொடுத்தால் ஆட்களைப் பிரித்து, இருபது நிமிஷம் இருபது நிமிஷமாக ட்ராக்கில் விடுவார்கள். பயிற்சியாளர் முன்னால் போய் எந்தக் கோட்டில் வளைய வேண்டும், எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று காட்டுவார். இவன் விழுந்தது மூன்றாவது செஷனில், ஒரு வலது வளைவில். வண்டியைச் சாய்த்த பிறகும் முன் பிரேக்கை விடாமல் பிடித்திருந்ததால் முன் டயர் வழுக்கி, வண்டி கீழே படுத்தபடியே மணலுக்குள் போய் நின்றது. பின்னால் வந்த யாரும் மேலே ஏறவில்லை. அது பெரிய அதிர்ஷ்டம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அன்று சாயங்காலமே கூடப் போன நண்பன் ஒரு யோசனையோடு கூப்பிட்டான். "அண்ணே, வண்டிய பிக்கப்ல ஏத்திட்டோம். நாங்குநேரி பைபாஸ்ல எறக்கி ரெண்டு போட்டோ எடுத்துருவோம். நாய் குறுக்க வந்துட்டுன்னு சொல்லிருவோம்." இந்த யோசனையைச் சொல்லாத ஆளே இருக்க மாட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நான் பெரிய யோக்கியன் என்று இதை எழுதவில்லை. பொய் கிளைம் கொடுத்தால் கிளைம் மட்டுமா போகும்? மோசடி என்று கேஸ் வரும், ஏஜென்ட் லைசென்ஸும் கூடவே போகும். எல்லாவற்றுக்கும் மேல், அந்தப் பொய் நிற்கவும் செய்யாது.

ஏன் நிற்காது என்பது வண்ணார்பேட்டை பக்கம் ஒரு சர்வீஸ் சென்டரில், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்தபோது தெரிந்தது. தலை நரைத்த மனிதர். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஹெட்லைட்டில் டேப் ஒட்டிப் பிய்த்த பிசின் கோடு இருந்தது. ட்ராக்கில் கண்ணாடி சிதறக் கூடாது என்று லைட்டுக்கு டேப் ஒட்டச் சொல்வார்கள். இரண்டு பக்கக் கண்ணாடியும் உடையவில்லை, கழற்றப்பட்டிருந்தன. நம்பர் பிளேட்டும் கழற்றித் தனியாகப் பையில் இருந்தது. வலது ஃபேரிங் சிராய்ப்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் ஒட்டியிருந்தது. அது வளைவோரக் கட்டையின் பெயின்ட். எல்லாவற்றையும்விட டயர். நாலுவழிச் சாலையில் மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் ஓடும் வண்டியின் டயர் நடுவில்தான் தட்டையாகும். இந்த டயர் ஓரம் வரைக்கும் தேய்ந்து, ரப்பர் துணுக்கு துணுக்காக உருண்டு கிடந்தது. அவர் குனிந்து அதைக் கிள்ளி எடுத்து விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, தம்பி எங்க விழுந்தாப்ல?"

கிளைம் ஃபார்மில் இருந்ததையே சொன்னேன்: ட்ராக்கில், பயிற்சியின்போது. அவருக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. உண்மையை எழுதிக் கொடுக்கும் ஆளை அவர் அதிகம் பார்த்ததில்லை போலும்.

எஸ்டிமேட் 59,000 ரூபாய். ஃபேரிங் முதலான பிளாஸ்டிக், ரப்பர் சாமான் 21,000; ஃபோர்க், ஹேண்டில், ரேடியேட்டர் என்று உலோகம் 31,000; லேபர் 7,000. நில் டெப் (தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் காப்பு) போட வேண்டாம், பிரீமியம் அதிகம் என்று சொன்னவன் அவன். அதனால் பிளாஸ்டிக்கில் பாதி, அதாவது 10,500 கழியும். ஒன்று முதல் இரண்டு வருஷ வண்டியின் உலோகத்தில் 10 சதவீதம், 3,100 கழியும். இரு சக்கர வண்டிக்குக் கட்டாயக் கழிவு 100 ரூபாய். ஆக, இதே விழுகையைப் போகிற வழியில் கயத்தாறு பக்கம் விழுந்திருந்தால் 45,300 ரூபாய் சத்தமில்லாமல் வந்திருக்கும். வீட்டிலிருந்து ட்ராக் வாசல் வரைக்கும் பாலிசி முழு பலத்தோடு அவன் கூடவே வந்தது. வாசலில்தான் நின்றுவிட்டது.

மூன்று வாரத்தில் கம்பெனியின் கடிதம் வந்தது. கிளைம் நிராகரிப்பு. காரணம் ஒரே வரி: லிமிட்டேஷன்ஸ் அஸ் டு யூஸ், அதாவது உபயோக வரம்புகள்.

உங்கள் பைக் பாலிசியை இப்போதே எடுத்துப் பாருங்கள். ஷெட்யூலில், ஐடிவி (வண்டிக்குப் போட்ட காப்பீட்டு மதிப்பு) கட்டத்துக்குக் கீழே, எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் அந்த வரி இருக்கும். இந்த வண்டியை எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், இவற்றைத் தவிர என்று ஒரு பட்டியல்: வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது (சாம்பிளும் சொந்த லக்கேஜும் பரவாயில்லை), ஆர்கனைஸ்டு ரேசிங், பேஸ் மேக்கிங், ஸ்பீடு டெஸ்டிங், ரிலையபிலிட்டி டிரையல்ஸ் (வண்டி தாங்குமா என்று சோதிக்கும் ஓட்டம்), மோட்டார் வியாபாரம் சம்பந்தமான உபயோகம். பிரீமியத்தையும் பாலிசி வாசகத்தையும் வகுத்து 2002-ல் வந்த இந்திய மோட்டார் டாரிஃபின் வாசகம் அது. 2007-ல் பிரீமியத்தைக் கம்பெனிகள் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று அவிழ்த்துவிட்ட பிறகும் இந்த வாசகம் கூடவே ஓடி வந்தது. பேஸ் மேக்கிங் என்றால் முன்னால் ஓட்டிப்போய் மற்றவருக்கு வேகம் பிடித்துக் கொடுப்பது. திருநெல்வேலியில் அதைச் செய்த ஆளை நான் பார்த்ததில்லை.

பட்டியலுக்கு வெளியே ஓட்டினால் என்ன ஆகும் என்பதைப் பாலிசியின் பொது விலக்குகள் சொல்கின்றன: இழப்பு, சேதம், பொறுப்பு எதற்கும் கம்பெனி பணம் தராது. இது வண்டிச் சேதத்துக்கு மட்டும் இல்லை, எல்லாப் பிரிவுக்கும் சேர்த்துத்தான். வண்டி உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பும் அதில் அடங்கும். அவன் காறை எலும்போடு தப்பாமல் போயிருந்தால் சித்தப்பாவும் சித்தியும் அந்த 15 லட்சத்துக்காக இதே வரியோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டும். அதை அவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

மூன்றாம் நபர் விஷயம் இன்னும் மோசம். வண்டி வாங்கும்போதே ஐந்து வருஷத்துக்கு டிபி (மூன்றாம் நபர் காப்பு) கட்டியாயிற்றே, யாரையாவது இடித்தாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றுதான் இவன் நினைத்திருந்தான். மோட்டார் வாகனச் சட்டம் டிபி பாலிசியைக் கட்டாயமாக்குவது பொது இடத்துக்கு. காசு கட்டி, பேர் கொடுத்து, கேட்டைத் தாண்டிப் போகிற ட்ராக் பொது இடமா என்பதிலேயே முதல் சண்டை வரும். அதைத் தாண்டினாலும், கம்பெனி எந்தெந்தக் காரணத்தைச் சொல்லிப் பொறுப்பை மறுக்கலாம் என்று சட்டமே வரிசைப்படுத்துகிறது. ரேசிங்கும் ஸ்பீடு டெஸ்டிங்கும் அதில் பெயர் சொல்லி இருக்கின்றன. முன்பு 149-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு 150-ஆம் பிரிவு. பின்னால் வந்தவன் இவன் மேல் ஏறாததை அதிர்ஷ்டம் என்று சொன்னது இதனால்தான். ஏறி அவனும் விழுந்திருந்தால் இரண்டு வீட்டுக் காசும் கரைந்திருக்கும்.

சரி, எங்கள் பக்கம் வாதமே இல்லையா? இருந்தது. எனக்கு அதில் நம்பிக்கையும் இருந்தது.

ஆர்கனைஸ்டு ரேசிங் என்றால் போட்டி இருக்க வேண்டும். முதல் இடம், இரண்டாம் இடம், பரிசு என்று ஏதாவது வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை. வளைவில் முந்தக் கூடாது என்று விதியே போட்டிருந்தார்கள். ஸ்பீடு டெஸ்டிங் என்றால் வண்டியின் வேகத்தைச் சோதிப்பது. இவன் சோதித்தது தன் பயத்தைத்தான். விலக்கு வாசகத்தில் சந்தேகம் இருந்தால் அந்தச் சந்தேகம் பாலிசி எடுத்தவருக்கே சாதகமாகப் போக வேண்டும் என்பது நீதிமன்றங்கள் நெடுநாளாகச் சொல்லிவருவது. 'ட்ராக் பயிற்சி' என்ற சொல் பாலிசியில் எங்குமே இல்லை. அதை விலக்க நினைத்திருந்தால் எழுதியிருக்கலாமே? இதையெல்லாம் கோர்த்துக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பயிற்சிதான் நடந்தது என்பதற்கு ஆதாரமாக, ட்ராக்கில் கொடுத்த சான்றிதழையும் இணைக்கச் சொன்னேன்.

அவன் வாட்ஸப்பில் அனுப்பிய சான்றிதழைத் திறந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. நடுவில் அவன் பெயர். அதற்குக் கீழே பெரிய எழுத்தில், பொன் நிறத்தில், அவனுடைய பெஸ்ட் லேப் டைம், அதாவது ஒரு சுற்றுக்கு ஆன மிகக் குறைந்த நேரம். நொடிக்குப் பிறகு மூன்று தசமத்தோடு.

"இது என்னலே?"

"ட்ரான்ஸ்பாண்டர் மாட்டி விட்டாங்கண்ணே. எல்லாருக்கும் குடுத்தாங்க. இன்ஸ்டாலயும் போட்டுட்டேன்."

போட்டி இல்லை என்று சொல்லலாம். வேகச் சோதனை இல்லை என்று, வண்டியில் நேரம் பிடிக்கும் கருவியை மாட்டிக்கொண்டு, வந்த எண்ணை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொண்டு, எந்த வாயால் சொல்வது? உள்ளே நுழையும்போது கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் படிவத்தில், உயிருக்கும் உடைமைக்கும் நானே பொறுப்பு என்ற வரிக்கு மேலேயே 'ரேஸ் ட்ராக் நிகழ்வு' என்று இருந்தது. அந்தப் பேப்பர் கம்பெனியிடம் ஏற்கெனவே போயிருந்தது. சான்றிதழை நாங்கள் இணைக்கவில்லை. அவர்களோ இன்ஸ்டாகிராமில் இருந்தே படம் எடுத்து, பதில் கடிதத்தில் இணைத்து அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் என் கணக்கையும் சொல்லியாக வேண்டும். பாலிசி விற்கும்போது அந்தப் பட்டியலை நான் அவனுக்குப் படித்துக் காட்டவில்லை. அவனுக்கு மட்டும் இல்லை, பதினேழு வருஷத்தில் யாருக்குமே படித்துக் காட்டியதில்லை. 2022 நவம்பரில் டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்துக் குட்டியது. பேஸ்மென்ட் கடைக்குத் தீ விபத்துப் பாலிசி கொடுத்துவிட்டு, பேஸ்மென்டுக்குப் பாலிசி செல்லாது என்று விலக்கு காட்டினார்கள். விலக்கைச் சொல்லிப் புரியவைக்கும் கடமை இன்சூரன்ஸ் தரப்புக்கு உண்டு என்றது நீதிமன்றம். இந்தத் தீர்ப்பை எங்கள் கடிதத்தில் சேர்க்கலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். சேர்த்தால், 'என் அண்ணன் எனக்குச் சொல்லவில்லை' என்று அவன் எழுத வேண்டும். கடைசியில் சேர்த்தோம். அந்தப் பத்தியை நானே எழுதிக் கொடுத்தேன்.

கையில் இருந்த இன்னொரு துருப்பு, 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன அமலேந்து சாஹு தீர்ப்பு. சொந்த உபயோகத்துக்கான வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்தான வழக்கு. உபயோக வரம்பை மீறினாலும் கிளைமை ஒரேயடியாகத் தூக்கி எறியாமல், நான்-ஸ்டாண்டர்டு என்ற முறையில் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்ற வழிமுறையை அதில் எடுத்துக்காட்டினார்கள். 45,300-ல் 75 சதவீதம் 33,975. அதையாவது கொடுங்கள் என்று கேட்டோம். வாடகைக்கு ஓட்டினாலும் விபத்து சாதாரண ரோட்டில் சாதாரணமாகத்தான் நடக்கிறது. இங்கே விலக்கப்பட்ட காரியமே விபத்துக்குக் காரணம், ஆகவே அது பொருந்தாது என்று பதில் வந்தது. எழுதியவர் விஷயம் தெரிந்தவர். திருடு போன வண்டி என்றால் மீறலுக்கும் இழப்புக்கும் சம்பந்தம் இல்லை என்று வாதாட இடம் உண்டு. ட்ராக்கில் பிரேக் பிடித்து விழுந்தவனுக்கு அந்த இடம் ரொம்பக் குறுகல்.

அதற்கு மேல் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) இருக்கிறார். தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம். கம்பெனியிடம் முறையிட்டுப் பதில் வந்த பிறகு, அல்லது ஒரு மாதம் பதிலே வராவிட்டால், ஒரு வருஷத்துக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். இல்லையென்றால் திருநெல்வேலியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. படிவம் வரைக்கும் நிரப்பி வைத்தேன். அவன் கையெழுத்துப் போடவில்லை. "முப்பத்தி மூணாயிரத்துக்கு அந்த லேப் டைம நாலு பேரு முன்னால ஏன்ணே விளக்கிட்டு இருக்கணும்" என்றான். நானாக இருந்தால் போயிருப்பேன். தோற்கிற வாய்ப்பே அதிகம் என்றாலும், 'பயிற்சி' என்ற சொல்லுக்கு ஒருவர் எழுத்தில் பதில் சொல்லியிருப்பார்.

இதற்கு நடுவே நாங்கள் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து பணம் வந்தது. காறை எலும்புக்குப் பிளேட் வைத்த ஆஸ்பத்திரிச் செலவு 1,42,000 ரூபாய். ரேஸ் ட்ராக் என்று கேட்டதும் அவன் ஆபீஸ் குரூப் மெடிக்கல் பாலிசிக்காரர்களும் கேஷ்லெஸ்ஸை நிறுத்தி வைத்தார்கள். பாலிசியை வாங்கிப் படித்தேன். ஒன்பதாம் எண் விலக்கு. எல்லா மெடிக்கல் பாலிசியிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் வகுத்துக் கொடுத்த வாசகம். மலையேற்றம், ஸ்கூபா, மோட்டார் ரேசிங் என்று நீளும் அந்த வரியின் தொடக்கத்திலேயே ஒரு சொல் இருந்தது: அதைத் தொழிலாகச் செய்பவராகக் கலந்துகொண்டால்தான் விலக்கு. இவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன். போட்டி லைசென்ஸ் கிடையாது, பரிசு வாங்கியதும் கிடையாது. ஆபீஸில் ஒரு கடிதம், ட்ராக் நடத்தியவர்களிடம் பயிற்சிக்கு வந்தவர் என்று ஒரு கடிதம். கையுறை, சிரிஞ்சு போன்ற சில்லறைகளைக் கழித்து 1,31,000 வந்துசேர்ந்தது. ரேஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் மெடிக்கலும் வராது என்று பில்லைக் கிழித்துப் போட்டவர்கள் எத்தனை பேரோ.

ஆனால் ஆயுள் காப்பீட்டோடு சேர்த்து எடுக்கும் விபத்து ரைடரில் (கூடுதல் காப்பில்) இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். அங்கே பெரும்பாலும் ரேசிங் என்றாலே விலக்கு, தொழிலோ பொழுதுபோக்கோ.

ட்ராக்குக்கு என்று தனியாகப் பாலிசி கிடையாதா என்று அவன் கூட்டாளிகள் கேட்டார்கள். பிரிட்டனில் ட்ராக் டேக்கு என்று ஒரு நாள் பாலிசி விற்பது உண்டு. யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். நம் டாரிஃபில் ராலிக்கும் ரிலையபிலிட்டி டிரையலுக்கும் கூடுதல் பிரீமியம் கட்டி எடுக்கும் 31-ஆம் எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு சேர்க்கும் இணைப்பு வாசகம்) இருக்கிறது. அதிலும் ரேசிங், ஸ்பீடு டெஸ்டிங் சேராது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே நம்மூரில் ட்ராக்குக்குப் போகிறவன் வண்டிச் சேதத்தைத் தன் பாக்கெட்டில் இருந்து எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். முதலில் மெடிக்கல் பாலிசியின் ஒன்பதாம் விலக்கைப் படியுங்கள். முடிந்தால் ட்ராக்கிலேயே வாடகை வண்டி கிடைக்குமா, சேதத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேளுங்கள். நேரம் பிடிக்கும் கருவி வேண்டாம் என்று சொன்னால் கிளைம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வாதாடவாவது வாய் இருக்கும்.

வண்டி பழைய ஃபேரிங் வாங்கிப் போட்டு நாற்பது ஆயிரத்துக்குள் எழுந்துவிட்டது. அவன் மறுபடியும் ட்ராக்குக்குப் போய்விட்டு வந்தான். என்னிடம் சொல்லவில்லை, டயரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நான் இப்போது பாலிசி போட வருகிறவர்களுக்கு அந்தப் பட்டியலைப் படித்துக் காட்டுகிறேன். போன வாரம் களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எக்ஸ்எல் வண்டிக்குப் புதுப்பிக்க வந்தார். ரேசிங், பேஸ் மேக்கிங், ஸ்பீடு டெஸ்டிங் என்று படித்ததும் சிரித்தார். "நான் எங்கவே அண்ணாச்சி ரேஸ் ஓட்டப் போறேன்." அப்புறம் சிரிப்பு நின்றது. "அதுக்கு முன்னால என்னமோ சரக்குன்னு படிச்சீரே?"

வாசலில் நின்ற அவருடைய வண்டியைப் பார்த்தேன். முன்னால் இரண்டு, பின்னால் நாலு, வாழைத்தார்.

"அதத் திருப்பிப் படியும்" என்றார்.